திரு என்று அச்சடித்த உறை

இந்த இடதுகைச் சுட்டுவிரலைப் பாருங்கள்,
நடுக்கணுவில் வேறு திசைக்குத் திரும்பியிருக்கிறது.
டொக்டர் இதை வாதம் என்கிறார்.
நான் எமரன்சியா என்கிறேன்.

துறைமுக அணிக்குப் பந்தெறிய
ஒரு பெட்டையைக் காசுக்குப் பிடித்திருக்கிறார்கள் என்றபோது
முகக்கம்பிக்குள் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.
குந்தியிருந்தேன். கையுறையை விரித்தேன்.
பந்து வந்ததை நான் காணவில்லை;
பண்டகசாலைத் தகரத்தில் பட்டுத்
திரும்பி வந்த சத்தம்தான் சொன்னது.

பகலில் அவளுக்கு இரத்மலானையில் ஆடைத் தொழிற்சாலை.
கொலர்த் தையலை எண்ணி
ஒன்று பிசகினாலும் கழித்துப் போடும் வேலை.
பந்தையும் அப்படித்தான் பார்ப்பாள்:
சிவப்பு நூல், நூற்றெட்டுத் தையல்,
எது தளர்ந்ததென்று பெருவிரலுக்குத் தெரியும்.
"வேதக்காரிக்கு எதுக்கு நூற்றெட்டு?"
என்று முதல் தளத்திலிருந்து கத்துவான் சிவநேசன்.
"ஐம்பத்துமூன்று மாதாவுக்கு, மிச்சம் உனக்கு"
என்று அவன் காதோரமாய் ஒன்றை அனுப்புவாள்.

ஆட்டத்துக்கு அறுநூறு. எங்களுக்கு எழுநூற்றைம்பது.
மஞ்சள் உறையில் முன்பே அச்சடித்த 'திரு'.
என் பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுவாள்.
"திருமதியா செல்வியா, ரெண்டுக்கும் உறை இல்லையே"
என்றார் கணக்காளர்.
"எறிகிறவள் என்று அடியுங்கோ."
அடிக்கவில்லை. எட்டு வருஷமும்
என் பேனைதான் தேய்ந்தது.

பத்திரிகையில் ஒரு மூலையில் வரும்:
எ. பர்னாந்து அபாரமாக எறிந்தார்,
ஒன்பது பேரை வெளியேற்றினார்.
படித்துவிட்டு வாப்பா கேட்டார்,
"ஆர் மகன் இந்தப் பர்னாந்து, நல்ல பெடியனோ?"
ஒரு 'ஆர்' போதும் எங்கள் மொழிக்கு,
மரியாதை கொடுத்தே ஆளை மறைத்துவிட.

ஆமர் வீதிச் சாவடியில் ஒரு இரவு
அவளுடைய பையைக் கவிழ்த்தார்கள்.
ஆறு உருண்டை. கனம். அடையாள அட்டையில் தமிழ்.
பஸ் முழுக்க மூச்சை அடக்கியது.
"எறிந்து காட்டவா?" சிங்களத்தில் கேட்டாள்.
இருபது வயதுகூட இராது அந்த இராணுவத்தானுக்கு;
துவக்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டு
என் கையுறையைப் போட்டுக்கொண்டு
வெளிச்சத்துக்குக் கீழே போய் நின்றான்.
மெதுவாய் எறி, மெதுவாய் எறி என்று
தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினேன்.

அவள் மெதுவாக எறியவில்லை.

கையுறையைக் கழற்றி உள்ளங்கையை
வெகுநேரம் பார்த்தான். போகச் சொன்னான்.
ஒரு பந்தை மட்டும் திருப்பித் தரவில்லை.
அந்த மாத உறையில் எழுதியிருந்தது:
பந்து ஒன்று, கழிவு நூற்றெண்பது.

தோற்ற நாட்களும் உண்டு.
ரயில்வேக்காரன் மூன்றை மதிலுக்கு அப்பால் அடித்த அன்று
"போய்ச் சோத்தை வடி" என்று கூட்டம் கூவியது.
வடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள்,
எனக்கு மட்டும் கேட்க.

பிறகு கம்பனி காசை நிறுத்தியது.
திடலில் கொள்கலன்களை அடுக்கினார்கள்.
அவளுடைய தோள் அதற்கு முந்தியே போயிருந்தது,
யாரிடமும் சொல்லாமல் ஒரு பருவம் எறிந்திருக்கிறாள்.

போன கிழமை கொட்டாஞ்சேனை பஸ்ஸில் கண்டேன்.
மேல் கம்பியை இடக்கையால் பிடித்திருந்தாள்,
வலது கை தோளுக்கு மேல் எழும்பாதாம்.
"விரல் எப்படி?"
"மழைக்கு நோகும்."
"எந்தப் பந்து?"
"மூன்றாம் வருஷம், மின்சார சபை, கடைசி ஆள்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அதுவா? அன்றைக்குக் காய்ச்சல்,
ஏலாமல்தான் எறிந்தேன்" என்று சொல்லி
கொச்சிக்கடையில் இறங்கிப் போனாள்.